சப்பாத்துக் கணக்கு

எதிர்வீட்டு அன்ரி என்னைக் கண்டால் போனை வைத்துவிடுவார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. கனடாவில் இருக்கும் மகனோடு தினமும் காலையில் கதைப்பார். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாடி முழுவதற்கும் கேட்கக் கதைப்பார். மகன் என்ன சமைத்தார், எத்தனை அங்குலம் பனி கொட்டியது, கொலஸ்ட்ரோல் கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஒருநாள் நான் வேலை நேர்முகம் ஒன்றுக்காக வெளிக்கிட்டு எங்கள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் நடுவில் நின்றது.

"சரி மோன், வை. பிறகு கதைப்பம்."

நான் லிஃப்டில் ஏறுவதற்குள் அவருடைய கதவும் மூடிக்கொண்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரம் லிஃப்டில் இரண்டு பேரும் ஒன்றாக மாட்டிக்கொண்டோம். அவர் கையில் இருந்த போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுக்கவில்லை. நான்காம் மாடி வரும் வரைக்கும் அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்னைச் சந்தேகிக்கிறார் என்று பட்ட அன்றிலிருந்து நானும் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டேன். யாரிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறார்? கீழே துணி காயவைக்கும் இடத்தில் நான் போனதும் ஏன் பேச்சு மாறுகிறது?

நாங்கள் வெள்ளவத்தைக்குப் புதியவர்கள். நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா நான் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போதே தவறிவிட்டார். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றதும், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் லேன் ஒன்றில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றுக்கு வந்தோம். கட்டடத்தில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்கள் தமிழ் அவர்களுடைய காதுக்கு வேறு. "நீங்கள் எவடம்?" என்று அப்பாவிடம் கேட்பார்கள். "கொட்டாஞ்சேனை" என்பார். "அதுக்கு முந்தி?" என்பார்கள். அதற்கு முந்தியும் கொட்டாஞ்சேனைதான். அந்தப் பதிலை யாரும் முழுதாக நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

இதோடு என் படிப்பும் சேர்ந்துகொண்டது.

ஏ.எல். பரீட்சை முடிவில் அரச பல்கலைக்கழக அனுமதி எனக்குச் சொற்பத்தில் தவறிப்போனது. தனியார் இடங்களின் கட்டணத்தைக் கேட்டு அப்பா விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். அப்போதுதான் என்னோடு டியூஷனுக்கு வந்த ஒருத்தி, இரத்மலானைப் பக்கம் படையினர் படிக்கும் ஒரு நிறுவனத்தில் வெளியாட்களையும் கட்டணத்துக்கு எடுக்கிறார்கள் என்றாள். தகவல் முறைமைப் பட்டம். மற்ற இடங்களைவிட மலிவு. படித்தால் வேலை நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். விண்ணப்பித்தேன், கிடைத்தது. பாடத்திட்டத்தை அப்பா மேசையில் விரித்துவைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார்.

"பட்டத்துல ஏன் மகள் ஆமிட பேரு இருக்கு?"

"அது கடைசி வருஷ ஸ்பெஷல் பாடம் அப்பா. இராணுவத் தகவல் முறைமை. சேர்ட்டிஃபிகட்ல ஒரு வரியா வரும், அவ்வளவுதான்."

"அந்த ஒரு வரியத்தான் எல்லாரும் வாசிப்பாங்க" என்றார் அப்பா. ஆனாலும் பணத்தைக் கட்டினார்.

முதல் வருடம் நான் அங்கே யாரையும் நம்பவில்லை. காலையில் கரையோர ரயிலில் போவேன். வாசலில் பையைத் திறந்து காட்டவேண்டும். வகுப்பில் பாதிப் பேர் சீருடையில் இருப்பார்கள். தமிழர் என்று சொல்ல மிகச் சிலர்தான். பின்வரிசையில் சீருடைப் பையன்கள் சிரித்தால் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பேன். என் சிங்களம் கடைக்காரரிடம் விலை கேட்கும் அளவைத் தாண்டிய பிறகுதான், அவர்கள் பெரும்பாலும் கேன்டீன் சோற்றைப் பற்றியே சிரித்திருக்கிறார்கள் என்பது புரிந்தது.

அந்தப் பாடத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது ஒன்று, உள்ளே நடப்பது வேறொன்று. செய்மதிப் படம், ஒட்டுக்கேட்பது, ரகசியக் குறியீடு என்று நானும் நினைத்துத்தான் போனேன். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. முதல் நாளே, "ஒரு முகாமில் காலையில் முதலில் தொலைந்துபோவது தண்ணீர் பவுசர் வண்டி" என்றார். தண்ணீர் எங்கே, அரிசி எங்கே, எந்த லொறிக்கு டயர் மாற்றவேண்டும், யாருக்கு லீவு. இவற்றை ஓரிடத்தில் சேர்த்து, சரியான ஆளின் கைக்குச் சரியான நேரத்தில் கொண்டுபோவதுதான் அந்தப் பாடத்தின் முக்கால்வாசி. மீதிக் கால்வாசியைச் சீருடைக்காரர்களுக்கு வேறு அறையில் நடத்துவார்கள். எங்களுக்குக் கதவு திறக்காது. அந்த அறையில் என்ன நடந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் வெள்ளவத்தையில் எல்லாரும் நான் அந்த அறையில்தான் இருந்தேன் என்று நினைத்தார்கள்.

இறுதி வருடச் செயல்திட்டத்தில் என்னோடு சேர்க்கப்பட்டவன் குருநாகல் பக்கத்துப் பையன், இளம் இராணுவ அதிகாரி. என்னை விட இரண்டு வயது மூத்தவன் என்பதால் தங்கச்சி என்ற அர்த்தத்தில் "நங்கி" என்று கூப்பிடுவான். பொருள் களஞ்சியம் ஒன்றுக்கான மென்பொருளை இருவரும் சேர்ந்து செய்தோம். ஒருநாள் பெரிய மழை. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் ஓடவில்லை. அவன் இராணுவ பிக்-அப் ஒன்றில் கொழும்புக்கு வருவதாக இருந்தது. எங்கள் வகுப்பில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டான். கடைசியாக இறங்கியது நான். எங்கள் லேனுக்குள்ளேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சீருடையோடு இறங்கி, கேட் வரைக்கும் குடை பிடித்தான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். நான்காம் மாடி பல்கனியில் எதிர்வீட்டு அன்ரி நின்றுகொண்டிருந்தார். நான் கையசைத்தேன். அவர் கையசைக்கவில்லை. கொடியில் கிடந்த துவாயை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போனார்.

படிப்பு முடிந்தது. வேலை நிச்சயம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. யாருக்கு, எந்த விலைக்கு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

சீருடையில் இருந்தவர்கள் தங்கள் படைப்பிரிவுகளுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பதவிக்கேற்ற சம்பளம், தங்குமிடம், சாப்பாடு. ஆனால் படிக்கவைத்ததற்காகப் பல வருடங்கள் விலக முடியாது. வெளியாட்களில் கெட்டிக்காரர்கள் மூன்று பேர் பட்டம் கையில் கிடைத்த கையோடு வளைகுடாவுக்குப் பறந்தார்கள். அங்கே அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம், எந்த நாட்டு இராணுவம் என்று யாரும் கேட்பதில்லை என்று அவர்களில் ஒருத்தி எழுதினாள். எனக்கு அப்பாவை விட்டுப் போக மனமில்லை. ஆகவே கொழும்பில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

முதலில் ஒரு வங்கி. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் பட்டத்தின் வரியை வாசித்து முகம் மலர்ந்தார். "ஆ, ஆமியோடு படித்தவரா?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு என் முழுப்பெயரை வாசித்தார். மலர்ந்த முகம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. அடுத்த கேள்வி, வெளிநாட்டில் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்பது. அவர்கள் எனக்குப் பதில் போடவே இல்லை.

இரண்டாவது, பம்பலப்பிட்டியில் தமிழர் நடத்தும் ஒரு கம்பனி. அங்கே மனேஜர் அந்த வரியை வாசித்ததும் மேசையில் திறந்திருந்த தன் மடிக்கணினியை மெதுவாக மூடினார். "எங்கட கம்பனியில ரகசியம் ஒண்டும் இல்லை தங்கச்சி" என்றார். நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவது இடத்துக்குப் பெயர்ப் பலகை இல்லை. குளிரூட்டிய ஓர் அறை, நல்ல கோட் போட்ட ஒருவர். சம்பளம் வங்கியைவிட இரண்டு மடங்கு என்றார். என்ன வேலை என்று கேட்டேன். "ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் பார்ப்பது" என்றார். எந்த ஆட்கள் என்றேன். சிரித்தார். தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். காலி வீதியில் பஸ் ஏறிய பிறகும் அந்த மனிதர் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதையெல்லாம் குருநாகல் பையனிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்தான். "நங்கி, நீ முறையிடுகிறாய். நீயும் நானும் ஒரே பாடம்தான் படித்தோம். வெளியில் உனக்குக் கிடைக்கப்போகும் சம்பளத்தில் பாதிகூட எனக்கு வராது. வேண்டாம் என்று எழுந்து வரவும் முடியாது." அவன் சொன்னதில் கசப்பு இருந்தது. அதற்குப் பிறகு அவனிடம் சம்பளம் பற்றி நான் பேசியதில்லை.

கடைசியில் ஒரு மென்பொருள் கம்பனி கூப்பிட்டது. படைகளுக்கான பொருள் வழங்கல் முறைமையைச் செய்யும் ஒப்பந்தம் அவர்களிடம் இருந்தது. நாங்கள் செய்திருந்த செயல்திட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே சம்மதம் சொன்னார்கள். தொடக்கச் சம்பளம், அப்பா துறைமுகத்தில் கடைசியாக வாங்கியதைவிட அதிகம். பாதுகாப்பு அனுமதி வந்ததும் சேரலாம் என்றார்கள். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். அது எங்கள் கையில் இல்லை என்றார்கள்.

அப்பா சந்தோசப்படவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எதுக்கு மகள் இவ்வளவு சல்லி தாறாங்க?"

"சந்தையில இதுதான் அப்பா விலை."

"சந்தை எனக்குத் தெரியும். ஆரம்பத்துலயே கூடக் குடுத்தா, பொறகு ஏதோ கேக்கப்போறாங்கன்னு அர்த்தம். நீ என்னா வேலைன்னு நல்லா கேட்டியா?"

"கேட்டேன். பூட்ஸ்."

"என்னா?"

"சப்பாத்து, கம்பளி, தண்ணிப் போத்தல். எந்த முகாம்ல எத்தனை இருக்கு, எந்த சைஸ் முடிஞ்சிருச்சு. அதுதான்."

அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். என் சொந்த அப்பாவே நம்பவில்லை.

சில வாரங்கள் கழித்து நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஹட்டன் பக்கத்து மனிதர். எப்போதும் சத்தமாகப் பேசுபவர், அன்று குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், ரெண்டு பேரு வந்தாங்க. சிவில் உடுப்புல. ஒங்க மாடிக்குத்தான் போனாங்க. ஒங்க வீட்ல ஆளில்ல. எதிர்வீட்டம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டுப் போனாங்க."

"யாராம்?"

"கார்டக் காட்டுனாங்க மிஸ். நான் வாசிக்கல."

மேலே வந்தபோது அன்ரியின் கதவு மூடியிருந்தது. உள்ளே வானொலி ஓடியது. நான் கதவின் முன்னால் நின்றேன். வானொலி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மணியை அடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இந்த அம்மா என்னைப் பற்றி யாரிடமோ முறைப்பாடு செய்திருக்கிறார். என்ன சொல்லியிருப்பார்? சீருடைக்காரன் குடை பிடித்ததையா? இல்லை, தமிழ்ப் பிள்ளை உளவு பார்க்கத்தான் அங்கே படித்தது என்று மறுபக்கமாகச் சொல்லியிருப்பாரா? எந்தப் பக்கம் சொன்னாலும் எனக்குப் பாதகம்தான். வேலைக் கடிதம் வரவில்லை. கம்பனிக்குப் போன் எடுத்தால், இன்னும் பார்க்கிறோம் என்றார்கள். வராமல் போனதற்கு அன்ரிதான் காரணம் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அப்பாதான் அடுத்த செய்தியைக் கொண்டுவந்தார். லேன் முனையில் உள்ள பலசரக்குக் கடைக்கார நானா சொன்னாராம். எதிர்வீட்டம்மாவின் மகன் பதினைந்து வருடத்துக்குப் பிறகு தாயைப் பார்க்க வருவதாக இருந்ததாம். டிக்கெட்டும் போட்டாகிவிட்டதாம். வரவேண்டாம் என்று தாயே தடுத்துவிட்டாராம்.

"ஏனாம்?"

அப்பா கையில் இருந்த பாண் பையை மேசையில் வைத்தார். "கட்டடத்துல ஆமிட ஆள் ஒருத்தி இருக்கா, மகன் வந்து மாட்டிக்குவான்னு சொல்லிச்சாம். ஒன்னத்தான் மகள்."

அவர் என்னைக் காட்டிக்கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு பேரை நான்தான் அனுப்பினேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துக் கம்பனியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். அனுமதி வந்துவிட்டது, திங்கட்கிழமையே சேரலாம் என்றார். பேச்சோடு பேச்சாக, "அயலில் நல்ல பெயர் எடுத்து வைத்திருக்கிறீர்கள். எதிர்வீட்டு அம்மா உங்களை மிகவும் புகழ்ந்து சொல்லியிருக்கிறாராம்" என்றார்.

வந்தவர்கள் விசாரித்தது என்னைப் பற்றி. முறைப்பாடு என்று ஒன்று இருக்கவே இல்லை. வேலைக்கு எடுக்க முன்னால் வழக்கமாகச் செய்வது.

அன்று பின்னேரமே போய் மணியை அடித்தேன். நீண்ட நேரம் கழித்துக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"அன்ரி, உள்ளே வரலாமா? ஒரு விசயம் சொல்லணும்."

அவர் வேண்டாம் என்று சொல்லப் பயந்தார். அது முகத்தில் தெரிந்தது. சங்கிலியைக் கழற்றினார். அந்த வீட்டுக்குள் நான் அதுவரை போனதில்லை. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறிப்போய்ச் சதுரமாகத் தெரிந்தது. மகனின் படமாக இருக்கவேண்டும்.

"அன்னைக்கு வந்தவங்க என்னப் பத்திக் கேக்கத்தான் வந்திருக்காங்க அன்ரி. நான் ஒரு வேலைக்குப் போட்டிருந்தேன். அதுக்கு. உங்களப் பத்தியோ மகனப் பத்தியோ கேக்க வரல. நான் யாரையும் அனுப்பவும் இல்ல."

"ஓம், உன்னைப் பற்றித்தான் கேட்டவை" என்றார். "நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, ஒருத்தற்ற சோலிக்கும் போகாது எண்டு சொன்னனான்."

"தேங்க்ஸ் அன்ரி."

"எனக்கு நீ நன்றி சொல்லாத. நான் பயத்தில சொன்னனான். நீ அவையின்ர ஆள், உன்னைப் பற்றி நான் என்ன சொல்லுறன் எண்டு சோதிக்க வந்திருக்கினம் எண்டு நினைச்சன். கூடாமச் சொன்னா எனக்கெல்லோ பிரச்சினை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப உனக்கு என்ன வேலை?"

"ஆமிக்குச் சாமான் குடுக்குற கணக்கு அன்ரி. சப்பாத்து, கம்பளி அப்படி."

"சப்பாத்து எண்ணிறதுக்கோ நாலு வருஷம் படிச்சனீ?"

"ஓம் அன்ரி."

"சப்பாத்து எண்ணிற பிள்ளைக்கு என்னத்துக்கு வீடு வீடா வந்து விசாரிக்கினம்?"

 

நான் எழுந்தபோது அவர் என் கையைப் பிடித்தார். அதுவரை இருந்த கடுமை குரலில் இல்லை.

"பிள்ளை, ஒரு உதவி. என்ர மோன் ஒரு குற்றமும் செய்யேல்லை. சண்டைப் பிரச்சினை நேரம் வெளிக்கிட்டவன். ஆனா அவன்ர பேர் எங்கையாவது லிஸ்டில இருக்குதோ எண்டு எனக்குத் தெரியாது. உன்ர கம்பியூட்டரில பாத்துச் சொல்லுவியோ? இருக்கு, இல்லை. அது காணும் எனக்கு."

"அன்ரி, சத்தியமா என்ட கம்பியூட்டர்ல ஆக்கள்ட பேரே வராது. சப்பாத்து சைஸ்தான் இருக்கும்."

அவர் கையை விட்டார். "விளங்குது" என்றார். அவருக்கு விளங்கியது வேறு. என்னால் முடியும், சொல்ல விருப்பமில்லை என்பதுதான்.

வேலையில் சேர்ந்தேன். சொன்னது சொன்னபடியே, சப்பாத்து. எட்டாம் இலக்கம் எங்கும் குவிந்து கிடக்கும், ஒன்பதாம் இலக்கம் எங்குமே இருக்காது. மலைப்பக்கத்து முகாம் ஒன்று கம்பளி கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருக்கும். இவற்றைச் சரிப்படுத்துவதில் எனக்கு உண்மையில் விருப்பம் இருந்தது. சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. அப்பாவுக்குக் கண் சத்திரசிகிச்சை செய்வித்தேன். வேலை பற்றி வெளியில் பேசுவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருந்ததால், யாராவது கேட்டால் "கம்பியூட்டர் வேலை" என்பேன். அப்படிச் சுருக்கமாகச் சொன்னதே எல்லாவற்றையும் இன்னும் மோசமாக்கியது.

அந்த வருடக் கடைசியில் அன்ரியின் மகன் வந்தார். தாய் தடுத்தும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடவுச்சீட்டில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். லிஃப்டில் சந்தித்தபோது தலைமுடி கொட்டிய, களைத்த ஒரு மனிதர் எனக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, கதவு திறக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாள் அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். ஒரு பாத்திரம் நிறைய ஒடியல் கூழ்.

"நீ செய்ததை நான் மறக்க மாட்டன் பிள்ளை."

"நான் என்ன அன்ரி செஞ்சேன்?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றார், கண்ணைச் சிமிட்டாத குறையாக. "ஓம், அப்பிடித்தான் சொல்லோணும். எனக்குத் தெரியும்."

எவ்வளவு மறுத்தும் பலனில்லை. மறுக்க மறுக்க அவருடைய நம்பிக்கை கூடியது. அப்பா கூழைக் குடித்துக்கொண்டே, "இப்ப நீ பெரிய ஆள் மகள்" என்றார். அவர் குரலில் பெருமை இல்லை.

அதற்குப் பிறகு என்னைக் கண்டு விலகியவர்கள் நெருங்கி வரத் தொடங்கினார்கள். ஆறாம் மாடிக்காரர் கடவுச்சீட்டு தாமதமாவதைப் பற்றிச் சொன்னார். தெஹிவளையிலிருந்து ஒருவர் வந்து காணி விவகாரம் ஒன்றில் ஒரு வார்த்தை சொல்லமுடியுமா என்றார். என்னால் எதுவும் முடியாது என்று நான் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, பழப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். சிலர் என்னோடு சிரித்துப் பேசும்போதே கண்களால் என்னை அளப்பது தெரியும். முன்பு பயந்து போனை வைத்தவர்கள், இப்போது வேண்டுமென்றே என் காதில் விழ அரசாங்கத்தைப் புகழ்ந்து பேசினார்கள். அது எனக்கு முந்தையதைவிடக் கூச்சமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அன்ரி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். மீசை அரும்பிய ஓர் இளைஞன், கட்டம் போட்ட சட்டை.

"இவன்தான் அம்மா" என்றார். என்னை அம்மா என்று கூப்பிட்டார். "கடைசியா ஆமி பஸ்ஸில ஏத்தினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். அதுக்குப் பிறகு தெரியேல்லை. உங்களால பாக்கேலும் எண்டு இவ சொன்னவ."

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறானோ இல்லையோ, அது மட்டும் போதும். எங்கை எண்டு கூட வேணாம்."

அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. அப்பா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, என் வேலை என்ன என்பதை முதல் தடவையாக ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஒப்பந்தத்தை நான் அன்று நினைக்கவில்லை. எந்தத் திரையில் என்ன வரும், என்ன வராது, என்னுடைய கடவுச்சொல் எந்தக் கதவை மட்டும் திறக்கும் என்று எல்லாமே சொன்னேன். நான் முடித்ததும் அவர் படத்தை எடுத்து, உறையில் பட்டிருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"சரி அம்மா. எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை."

கோபமே இல்லை. இத்தனை வருடங்களில் அவர் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எத்தனையோ பேர், எங்களிடம் அந்தத் தகவல் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. நான் சொன்னது உண்மை என்பதால் அவருக்கு என்ன வித்தியாசம்? அவர்களில் யார் உண்மை சொன்னார்கள், யார் பொய் சொன்னார்கள் என்று எனக்கே தெரியாது. அலுவலகத்தில் என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி, என் கடவுச்சொல் திறக்காத திரைகள் இருந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மதியம் வரைக்கும் எதையும் செய்யமுடியவில்லை. அந்தத் திரைகளின் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் இருந்த பையன் என் பார்வையைக் கவனித்து, திரையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான். அதில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம், டயர் கணக்காக இருந்திருக்கலாம். ஆனால் இனி இங்கே உட்கார்ந்து வேலை செய்ய என்னால் முடியாது என்பது அப்போது தெளிவாகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். வேறு வேலைக்குப் போனால் சம்பளம் குறையும் என்றேன்.

"எவ்வளவு?"

"மூணுல ஒரு பங்கு."

"குறையட்டும் மகள்" என்றார். "எனக்கும் நிம்மதியா தூங்கணும் தானே."

தனியார் மருத்துவமனை ஒன்று மருந்துக் களஞ்சியத்துக்கு ஆள் தேடியது. நேர்முகத்தில் இருந்த பெண் என் பழைய சம்பளத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் இங்கே வருகிறீர்கள், அங்கே ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். தூரம் அதிகம் என்றேன். பழைய அலுவலகம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவர் விலாசத்தைப் பார்த்தார். பெரிய தூரம் ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, அடுத்த மாதம் முதலாம் திகதி வரமுடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றேன்.